பக்கத்து வீட்டு அண்ணனின் இழுவை வண்டி

முன்னால் பார்த்து நடக்கத் தெரியாத மனிதர் அவர். ஊரில் எல்லோரும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், நான் எரிச்சலோடு சொல்வேன். திருச்சுழியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நரிக்குடி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுக் கார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை மதினி என்றும்தான் கூப்பிட்டேன்.

மொபெட்டில் மதினியை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை போவதற்குள் பத்துத் தடவை கழுத்தைத் திருப்பிவிடுவார். "நான் என்ன பறந்தா போயிருவேன்? ரோட்டப் பாத்து ஓட்டுங்க!" என்று மதினி போடும் சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்கும். கோவிலுக்கு நடந்து போனாலும் அதே கதைதான். நாலு எட்டு வைப்பார், நிற்பார், பின்னால் வருகிறவர்கள் வந்து சேருகிறார்களா என்று பார்ப்பார். கூடப் போனால் நமக்குக் கால் கடுக்கும்.

ஒரு தடவை வீரசோழனில் ஒரு நிக்காஹ். எங்கள் தெருவே கிளம்பியது. பஸ்ஸு வந்ததும் பிள்ளைக்காரிகள், கிழடுகட்டைகள், பை தூக்குகிறவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். யாராவது விட்டுப்போனார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸு கிளம்பிப் போயே போய்விட்டது. விட்டுப்போனது அவர் ஒருத்தர்தான். அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவர் வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் வந்துட்டீகல்ல?" என்றார். அதைத்தான் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு என்ன சொல்ல! பிரியாணி போச்சே என்று ஒரு வருத்தம்கூட அந்த முகத்தில் இல்லை.

இப்படிப்பட்டவர் வண்டி இழுக்கிற தொழிலுக்குப் போனது எப்படி என்று கேட்டால், அதுவும் இந்தக் குணத்தினால்தான்.

அப்போதெல்லாம் நடுவழியில் நின்றுபோன காரை, ஜீப்பில் கயிறு கட்டித்தான் பட்டறைக்கு இழுத்து வருவார்கள். நின்ற காருக்குள் ஒருத்தர் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்கு கல்லு மாதிரி இருக்கும், ஸ்டியரிங்கும் லேசில் திரும்பாது. முன்னால் போகிறவன் சட்டென்று நிறுத்தினால் பின்னால் இருப்பவன் போய் முட்ட வேண்டியதுதான். அப்படி நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியாரின் காரை அண்ணன் இழுத்து வந்தார். வழி நெடுகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். பட்டறை வாசலில் நிறுத்தியபோது வாத்தியாரால் ஸ்டியரிங்கை விட முடியவில்லை. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அண்ணன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாராம்.

"காரையா இழுத்துட்டு வந்தேன்? அந்த மனுசன் உசுரையில்ல கயித்துல கட்டி இழுத்துட்டு வந்துருக்கேன்" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று புலம்பினார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் காரைத் தூக்கி டிரெய்லரில் வைத்துத்தான் கொண்டுவருவது, காரில் வந்தவர்கள் தன் பக்கத்தில் உட்கார்ந்துதான் வர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி டிரெய்லர் வாங்கினார். நாலு சக்கரம், கார் ஏறுவதற்குச் சாய்வுப் பலகை, தனக்கென்று தனி பிரேக்கு. அதை எந்த வண்டி இழுப்பது என்பதில்தான் தெருவே இரண்டுபட்டது. என் வீட்டுக்காரருக்கு உரக்கடை. நாள் முழுக்க டிராக்டர்களையே பார்த்துக்கொண்டிருப்பவர். "டிராக்டரு இழுக்காததா வேற வண்டி இழுத்துரப்போகுது?" என்றார்.

"இழுக்கும் தம்பி, நல்லாவே இழுக்கும். கார்க்காரன் பொண்டாட்டி பிள்ளைய எங்கிட்டு உக்கார வைக்க? டயரு மக்காட்டுலயா?" என்றார் அண்ணன்.

மதினியின் தம்பி ஒரு வண்டியைப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார். பார்க்க யானை மாதிரி இருந்தது. அண்ணன் கதவைத் திறந்து அதில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார், கீழே படுத்துப் பார்த்தார், எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். "உருவந்தான் பெருசு மாப்ள. கனம் கம்மி. எறக்கத்துல பிரேக்கு மிதிச்சா பின்னால இருக்கிறது இதத் தள்ளிக்கிட்டே போயிரும்" என்றார். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. அவருக்குக் காப்பி கொடுத்துத் தேற்றியது நான்.

கடைசியில் அவர் வாங்கியது ஒரு பழைய டீசல் பிக்கப்பு. முன்னால் இரண்டு வரிசை சீட்டு, பின்னால் சாமான் வைக்கிற திறந்த தொட்டி. அடியில் இரும்புச் சட்டம் திம்மென்று இருந்தது. நிறம்தான் சகிக்கவில்லை, சாணி மெழுகின தரை மாதிரி. "இதுக்கா இம்புட்டு அலைச்சல்?" என்று கேட்டே விட்டேன்.

அதோடு விட்டாரா? அந்த வண்டியை எடைமேடையில் நிறுத்தி எடை பார்க்க வேண்டுமாம், அதுவும் ஆட்களோடு. வண்டியோடு வந்த புத்தகத்தில் இவ்வளவு இழுக்கும் என்று போட்டிருப்பது டிரைவர் ஒருத்தர் மட்டும் இருக்கும்போதுதானாம். "நான் ஒரு குடும்பத்தையில்ல ஏத்திட்டு வரப்போறேன்? அவுக கனத்தையும் அதுல கழிக்கணும்ல?" என்று சொல்லித் தெருவில் இருந்த எங்களை எல்லாம் ஏறச் சொன்னார்.

"என் எடை என் வீட்டுக்காரருக்கே தெரியாதுண்ணே. எடைமேடைக்காரனுக்குத் தெரியணுமா?" என்று நான் முறுக்கிக்கொண்டேன்.

"ஒன்ன மட்டும் தனியாவா காட்டப்போகுது தாயி? எல்லாரையும் சேத்துத்தான் காட்டும். வா, ஏறு."

ஏறினேன். பிக்கப்பு நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு, எடைமேடையில் கல்யாணக் கோஷ்டி மாதிரி உட்கார்ந்திருந்தோம். எடைபோட்ட பையன் சிரித்த சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

பிறகு ஒரு வாரம் எங்கள் தெருவில் நிம்மதி இல்லை. வண்டியின் பின்னால் இரும்பு உருண்டை ஒன்றைப் பொருத்தினார். டிரெய்லரின் மூக்கு அதன்மேல் தொப்பி மாதிரி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு டிரெய்லர் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும் என்று உருண்டையை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். மூக்கு கழன்றாலும் டிரெய்லர் ஓடிப்போகாமல் இருக்க இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினார். தன் காரையே மேலே ஏற்றி, ஊருக்கு வெளியே ஓட்டிப் பார்த்தார். கார் கொஞ்சம் பின்தள்ளி நின்றால் போதும், டிரெய்லர் ஆட்டுக்குட்டி வால் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது. கொஞ்சம் முன்னால் ஏற்றி நிறுத்தினால் அடங்கி வந்தது. லைட்டுக்கு வயர் இழுத்ததும் என்னைத்தான் பின்னால் நிற்க வைத்தார். அவர் முன்னால் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார், நான் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு "எரியுதுண்ணே!" என்று கத்துவேன். பக்கத்துக் கண்ணாடிகளையும் கழற்றி எறிந்துவிட்டு, அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கண்ணாடிகளை மாட்டினார். கழுத்து வலிக்கு வைத்தியம் பார்த்த மாதிரி இருந்தது அது. அதற்குப் பிறகு அவர் கழுத்தைத் திருப்புவது பாதியாகக் குறைந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீசில் எல்லாம் முறைப்படி பதிந்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தார். அந்த வண்டியை மட்டும் இன்னொருத்தர் தொட விடமாட்டார். சொந்த மச்சினன் சாவி கேட்டும் கொடுக்கவில்லை.

இனி என் தம்பியைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். பரளச்சியில் மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி. நாங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிப் பால் காய்ச்சியபோது, அவனுக்குப் பத்திரிகை வைக்க நானும் என் வீட்டுக்காரரும் சோடியாகப் போயிருக்க வேண்டும். கடையில் உர லோடு வந்து நின்றது என்று என் வீட்டுக்காரர் பத்திரிகையைக் கடை ஆளிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பிவிட்டார். எனக்கு விஷயம் தெரிவதற்குள் பத்திரிகை பரளச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "கூடப்பெறந்தவனுக்கு ஆள்கிட்டயா குடுத்து விடுவாக? நான் என்ன அவுக கடைக்கு உரம் வாங்குறவனா?" என்று கேட்டானாம். அதோடு போக்குவரத்து நின்றது. அவன் வீம்பு அப்படி. என்னுடையது மட்டும் குறைச்சலா என்ன, ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தானே. என் மகள் யாழினி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு அவன் பெண்டாட்டி செல்வி மட்டும் வந்தாள். அவன் பிள்ளையின் முகத்தையே பார்க்கவில்லை.

யாழினிக்குக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவன் வராமல் வேறு யார் மடியிலாவது உட்கார வைத்துக் குத்தினால், அப்புறம் சாவு வாழ்வுக்குக்கூட அவன் என் வீட்டுப் படி ஏற மாட்டான். அதனால் இந்தத் தடவை சோடியாகப் போய்த் தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்தோம். தட்டை வாங்கிக்கொண்டான். வாயைத் திறக்கவில்லை. வருவானா, மாட்டானா? "பரளச்சிக்காரன் வரமாட்டான் பாரு" என்று என் மாமியார் ஒரு வாரமாக என் காதில் ஓதிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு மேல் ராகு காலம், அதற்குள் குத்தியாக வேண்டும். பந்தலில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மேளக்காரர்கள் தாய்மாமனை எதிர்கொள்ளத் தெருமுனையில் நிற்கிறார்கள். எனக்குச் செல்வியிடமிருந்து போன்.

"அண்ணி, கார் நின்னுபோச்சு. கண்மாய்க்கரை வளைவுல நிக்கிறோம். சீரு பூராம் காருக்குள்ள இருக்கு. எறக்கி வேற வண்டியில ஏத்துவோம்னா இவுக விடமாட்டேங்காக. பூசை போட்டு ஏத்துன சீர நடுரோட்டுல எறக்குறது சகுனமில்லையாம். வீட்டுக்குத் திரும்பிருவோம்ங்காக." பின்னால் என் தம்பியின் குரல் கேட்டது: "கூப்புடாதன்னு சொல்றேன்ல!"

பக்கத்தில் நின்ற அண்ணனிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் அதற்குள் சாவியை எடுத்துவிட்டார். நானும் பட்டுச்சேலையோடு வண்டியில் ஏறப் போனேன். தடுத்துவிட்டார்.

"நீ வராத தாயி. நீ வந்தா, அக்கா போயி கெஞ்சிக் கூட்டிட்டு வந்தாளாம்னு ஆயிரும். அந்தத் தம்பி தானா வந்ததா இருக்கணும்."

அங்கே நடந்ததைச் செல்வி பிறகு சொன்னாள். காரை டிரெய்லரில் ஏற்றியதும் அண்ணன் பின்னால் போய் நின்று பார்த்தாராம். சீர் அரிசி மூட்டைகள் எல்லாம் காரின் பின்கதவுப் பக்கம் அடுக்கியிருந்தன. கனம் முழுக்கப் பின்னால். இப்படியே போனால் வால் ஆடும். மூட்டையை மாற்ற வேண்டும் என்றதும் என் தம்பி, "எறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல" என்று எகிறியிருக்கிறான். அண்ணன் அவனிடம் தர்க்கம் பண்ணவே இல்லையாம். "எறக்க வேணாம் தம்பி. காருக்குள்ளயே முன்னால தள்ளிருவோம்" என்று சொல்லி, சீட்டுக்கு மேலேயே நகர்த்தி நகர்த்தி மூட்டைகளை முன்பக்கம் கொண்டுவந்திருக்கிறார். ஒரு மூட்டையை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டாராம்.

அடுத்த வம்பு அதற்குப் பிறகுதான். என் தம்பி டிரெய்லர்மேல் இருந்த காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். "சீரு இருக்கிற எடத்துலதான் நான் இருப்பேன். ஒருத்தன் இழுத்துட்டு வர, தொத்திக்கிட்டு வந்தான்னு பேரு வாங்கவா?" என்றான். அண்ணனோ, பின்னால் ஆளை வைத்து இழுக்கவே மாட்டேன் என்று நின்றார். இவனும் இறங்கவில்லை, அவரும் நகரவில்லை. நேரம் ஓடுகிறது. செல்விக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே போய் காரின் கண்ணாடியைத் தட்டினார். பிக்கப்பு சாவியை நீட்டினார்.

"அப்ப நீங்க ஓட்டுங்க தம்பி. ஒங்க சீர நீங்களே கொண்டாந்ததா இருக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து வாரேன்."

இன்னொருத்தர் தொட விடாத வண்டி. என் தம்பி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு இறங்கி வந்து அதை வாங்கிக்கொண்டான்.

"டிராக்டர்ல டிரெய்லரு போட்டு ஓட்டுன கைதான? அதே மாதிரிதான். வளைவுல ஒடிக்கிறப்ப அகலமா ஒடிங்க. பிரேக்க முன்கூட்டியே மிதிங்க. கண்ணாடிய ஒங்களுக்குத் தக்கன திருப்பி வச்சுக்கோங்க, ஒங்க சீரு ஒங்க கண்ணுலயே இருக்கணும்." வழியில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிக் காரைக் கட்டியிருந்த பட்டைகளை மறுபடி இறுக்கியிருக்கிறார். அப்போதுகூட என் தம்பி முணுமுணுக்கவில்லையாம். அவனும் இறங்கி மறுபக்கத்தை இறுக்கினானாம்.

பத்து மணி தாண்டித் தெருமுனையில் அந்த வண்டி திரும்பியது. சாணி நிறப் பிக்கப்பு, ஓட்டுவது என் தம்பி. பின்னால் டிரெய்லரில் தேர் மாதிரி உயரத்தில் அவன் கார், அதில் மாலை. முன்சீட்டில் பெல்ட் போட்டபடி அரிசி மூட்டை. மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது. கூட்டத்தில் யாரோ, "யாத்தே! தாய்மாமன் காரையே சீராக் கொண்டாந்துட்டாகடி!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், தீ மாதிரிப் பரவிவிட்டது. என் நாத்தனார்கள் எழுந்து ஓடிவந்தார்கள். என் மாமியார் வாயில் வெற்றிலையை வைத்தவர் மெல்ல மறந்து நின்றார்.

என் தம்பி இறங்கினான். முகம் காது மடல் வரை சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்தான். இத்தனை வருஷம் பேசாதவன் என் காதருகில் குனிந்து பேசிய முதல் பேச்சு இதுதான்:

"யக்கா, கார் சீருங்காகளே... அது ரிப்பேரான காரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரை ஏறிவிட்டது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். அவனும் சிரித்துவிட்டான். அண்ணன் உடனே, "சீரு காருக்குள்ள இருக்கு, வந்து எறக்குங்கப்பா!" என்று சத்தம் கொடுத்துக் கூட்டத்தைக் கலைத்தார். யாழினி மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசி ஏறியதும் அவன் மீசையைப் பிடித்து இழுத்து ஊரைக் கூட்டினாள். வலித்ததோ என்னவோ, அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

கார் அண்ணன் பட்டறைக்குப் போயிற்று. அது லேசில் திரும்பி வரவில்லை. சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார். வந்த சாமான் சேரவில்லை என்றார். என் தம்பி பஸ் ஏறிப் பட்டறைக்கு வருவான். "இப்பத்தான் வெளிய கெளம்புறேன், அக்கா வீட்டுல போயி இருங்க தம்பி" என்று அவனை இங்கே அனுப்பிவிடுவார். முதல் தடவை வந்தவன் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனான். அடுத்த தடவை சாப்பிட்டான். பிறகு செல்வியும் வந்தாள். யாழினிக்குப் பனங்கிழங்கு, எனக்கு மிளகாய் வற்றல் என்று பை கனத்துக்கொண்டே போனது. என் வீட்டுக்காரரும் அவனும் உரத்தைப் பற்றிச் சண்டை போடுகிற அளவுக்கு ஒட்டிவிட்டார்கள். எனக்குத்தான் அண்ணன்மேல் ஆத்திரம். "ஒரு சாமானுக்கு இம்புட்டு நாளாண்ணே? நல்ல மெக்கானிக்குதான் போங்க!" என்று வாசலில் வைத்தே கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

இந்த வருஷம் பங்குனியில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். பட்டறையில் உட்கார்ந்திருந்தவருக்கு மாரடைப்பு. படுத்துக் கிடந்து யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. எனக்குச் சொந்த அண்ணன் போன மாதிரி இருந்தது, இன்னும் இருக்கிறது. தம்பி பரளச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கூடப்பிறந்தவன் செய்கிற காரியம் எல்லாம் செய்தான்.

காரியம் முடிந்த மறுநாள், மதினியோடு நானும் தம்பியும் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் காது குத்துக்கு வந்தது. மதினி அழுகையினூடே லேசாகச் சிரித்தார்.

"ஒங்க கார் அன்னைக்குச் சாயங்காலமே ஓடிருச்சு, தெரியுமா? ஒரு ஃபியூஸு போயிருந்துச்சு, அம்புட்டுத்தான். ஏன் மறைக்கிறீகன்னு கேட்டேன். அந்தத் தம்பி மெதுவா வரட்டும், வெடுக்குனு இழுத்தா கயிறு அந்துரும்னாக."

தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். "கேட்டியாடா? நம்மள எப்புடி ஏமாத்திருக்காக பாரு!"

அவன் தலையைக் குனிந்தபடி, "எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"எப்புடிரா?"

"ரெண்டாந்தடவ வந்தப்ப, அவுக அந்தப்பக்கம் போன நேரம் சாவியத் திருப்பிப் பாத்தேன். டக்குனு ஸ்டார்ட் ஆயிருச்சு. பதறிப்போயி அமத்திட்டு, சாவிய எடுத்த எடத்துலயே வச்சுட்டேன்."

"பெறகு ஏண்டா சொல்லல?"

"சொன்னா, எடுத்துட்டுப் போங்கன்னுருவாகளேக்கா."